அம்பாசிடரை ஏற்ற எந்த டிரெய்லர்?

கேள்வி: வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஓட்டிய அம்பாசிடரும், மைத்துனர் வாங்கிய பியட் காரும் மாட்டுக்கொட்டகையில் நிற்கின்றன. இரண்டும் ஓடும் நிலையில் இல்லை. ஒவ்வொன்றாகக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்ச் சீரமைக்க வேண்டும். அதன் பிறகு வருடத்துக்கு நாலைந்து முறை பழைய கார் கண்காட்சிகளுக்கு எடுத்துப்போக ஆசை. வீட்டில் பொலீரோ இருக்கிறது, தாராளமாக இழுக்கும். டிராக்டரும் அதன் டிரெய்லரும் இருக்கின்றன. உள்ளூர்ப் பட்டறைக்காரர் ஒற்றை அச்சில், தளம் முழுக்கச் செக்கர் பிளேட் (புடைப்பு வரி போட்ட இரும்புத் தகடு) அடித்து, மலிவாக ஒரு கார் டிரெய்லர் கட்டித் தருகிறேன் என்கிறார். டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் வேண்டாம், பொலீரோவின் பிரேக்கே போதும் என்றும் சொல்கிறார். அட்வான்ஸ் கொடுக்கலாமா?

பதில்:

கொடுக்க வேண்டாம். உங்கள் பட்டறைக்காரர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. நெல் மூட்டை ஏற்றும் டிரெய்லர் கட்டிப் பழகிய கை, கார் டிரெய்லரையும் அதே கணக்கில் பார்க்கிறது. தஞ்சாவூரில் முப்பது வருடங்களாக இரண்டையும் கட்டி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒன்று வயலுக்கும் களத்துக்கும் இடையே மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்து போவது. மற்றது கரூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே 60-இல் போகப் போவது. வேகம் மூன்று மடங்கானால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்பது மடங்காகிறது.

பொலீரோ தாராளமாக இழுக்கும் என்கிறீர்கள். இழுக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் திருவாரூர் மாவட்டத்துக்காரர். ஆழித் தேர் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. ஆனால் தேர் வீதி திரும்பி ஒழுங்காக நிலைக்கு வருவது, சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கையில் இருக்கிறது. அந்தத் தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்திக் கொடுத்திருக்கிறது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டை போகவில்லை. டிரெய்லர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது "என் வண்டி இழுக்குமா?" என்பதுதான். "நிற்குமா?" என்று கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. நீங்கள் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் எடைக் கணக்கு. அம்பாசிடர் ஏறத்தாழ 1,150 கிலோ. பியட் 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் பொலீரோ ஏறத்தாழ 1,600 கிலோ. இனி டிரெய்லரின் சொந்த எடை. தளம் முழுக்க 4 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் போகும். நாலரை மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம் என்று வைத்தால் தகடு மட்டுமே 300 கிலோவை நெருங்கிவிடும். சட்டம், அச்சு, ஸ்பிரிங் பட்டை, சக்கரம் எல்லாம் சேர்ந்தால் 700 கிலோவுக்குக் குறையாது. அதன் மேல் அம்பாசிடரை ஏற்றினால் 1,850 கிலோ. முன்னால் இழுப்பது 1,600 கிலோ, பின்னால் தொடர்வது 1,850 கிலோ, அந்த 1,850-க்குப் பிரேக்கே கிடையாது. நாய் திடீரென்று குறுக்கே பாய்ந்து நீங்கள் பிரேக்கை மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொலீரோ நிற்கப் பார்க்கும், டிரெய்லர் அதைத் தள்ளிக்கொண்டே போகும். சாலை வளைவில் இது நடந்தால் டிரெய்லர் பக்கவாட்டில் மடிந்து பொலீரோவின் கதவிலேயே வந்து இடிக்கும்.

புதிதாக டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு, பின்னால் வரும் மொத்த எடை முன்வண்டியின் எடையில் 85 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்று இங்கிலாந்தில் ஓர் அறிவுரை உண்டு. உள்ளே தங்கும் வசதியுள்ள கேரவன் இழுக்கிறவர்களுக்காகச் சொன்னது அது. என் அனுபவத்தில் நமக்கும் பொருந்துகிறது. பொலீரோவுக்கு அது 1,360 கிலோ. டிரெய்லரை 500 கிலோவுக்குள் கட்டினால் பியட்டோடு சேர்த்து 1,400-ஐ ஒட்டி நிற்கும். நல்ல பிரேக் இருந்தால், நிதானமாக ஓட்டினால், இதை ஒப்புக்கொள்வேன். அம்பாசிடரோ 1,650 ஆகிவிடும். ஆகவே பொலீரோவால் பியட்டைக் கொண்டுபோங்கள், அம்பாசிடரைக் கொண்டுபோகாதீர்கள். அப்பாவின் காருக்கு இரண்டு டன்னுக்கு மேல் சொந்த எடை உள்ள வண்டி வேண்டும். இதற்கெல்லாம் மேலே ஒரு வரம்பு இருக்கிறது: உங்கள் வண்டியோடு வந்த கையேடு. இழுக்கக்கூடிய எடையைப் பல நிறுவனங்கள் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று என்று தனித்தனியாக அச்சிடும். டிரெய்லர் இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தால், என் கணக்கு, பட்டறைக்காரர் கணக்கு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அந்த வரியைக் கேளுங்கள்.

பிரேக் வைப்பதில் இரண்டு வழி. ஒன்று, தள்ளுவிசையால் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக். முன்வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் முன்னோக்கி அழுத்தும்; கொக்கியில் இருக்கும் தண்டு உள்ளே போய், அந்த அழுத்தமே டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். முன்வண்டியில் ஒயர் வேலை எதுவும் வேண்டாம். ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துவிடாமல் இருக்க ஒரு விலக்கும் அமைப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது, மின்சாரப் பிரேக். டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்கவும் அதில் வசதி உண்டு. ஒரே வண்டியில் இழுக்கப் போகிற உங்களுக்கு இரண்டாவது நல்லது என்பேன். விலை கூடினாலும் இதில் கை சுருக்க வேண்டாம். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அதற்குப் பின்னால் இருக்கும் காரணம் இடம் பார்த்து மாறுகிற விஷயம் இல்லை.

அடுத்தது, நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கவலைப்படுகிற விஷயம்: முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். கார் டிரெய்லரிலும் இதே கதைதான். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு வரை கொக்கியின் மேல் உட்கார வேண்டும். 1,400 கிலோவுக்கு 140-இலிருந்து 210 வரை. அதற்குமேல் போனால் முன்வண்டியின் பின்பக்கம் அமுங்கி ஸ்டியரிங் லேசாகிவிடும். குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும்.

ஒருமுறை பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பியட்டை ஏற்றி வந்தேன். ஏற்றும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காரின் முகம் முன்பக்கம், நாலு சக்கரத்துக்கும் கட்டு. தஞ்சாவூருக்கு வெளியே பாலத்தில் ஏறி இறங்கும்போது வேகம் 60-ஐத் தொட்டது. இடது கண்ணாடியில் காரின் ஒற்றை ஹெட்லைட் தெரிந்தது. ஒரு நொடியில் அது மறைந்து வலது கண்ணாடியில் மற்றது தெரிந்தது. மறுபடி இடது. ஒவ்வொரு முறையும் வீச்சு கூடிக்கொண்டே போயிற்று. முன்வண்டியின் பின்பக்கத்தை யாரோ இரண்டு கையாலும் பிடித்து உலுக்குவது போல இருந்தது. பிரேக்கை மிதிக்கக் கால் துடித்தது, மிதிக்கவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். வேகம் 40-க்கு இறங்கியதும் ஆட்டம் தானாக அடங்கியது. ஓரமாக நிறுத்தி டிரெய்லரைக் கழற்றினால், கொக்கி உள்ள அதன் மூக்கை ஒரு கையால் தூக்க முடிந்தது. டிக்கியைத் திறந்து பார்த்தோம். மெக்கானிக் எஞ்சினையும் கியர் பெட்டியையும் கழற்றி, சாக்கு சுற்றி, பத்திரமாக டிக்கியில் வைத்து அனுப்பியிருந்தார். முன்னால் இருக்க வேண்டிய கனம் முழுக்கப் பின்னால் இருந்திருக்கிறது. ஏற்றும் முன் டிக்கியைத் திறந்து பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து ஓடாத காரின் பானெட்டையும் டிக்கியையும் திறந்து பார்க்காமல் ஏற்றுவதில்லை. உங்கள் இரண்டு காருமே ஓடாதவை. பார்த்துவிடுங்கள்.

முன்பாரத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம், எடை போடுங்கள். மொத்த எடைக்கு லாரிகள் ஏறும் எடைமேடை போதும். கொக்கி எடைக்கு அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு, 300 கிலோ வரை காட்டுவதாக இருந்தால், அருமையாகப் பயன்படும். டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, கொக்கிக்கு அடியில் ஒரு கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி, அதன் மேல் மூக்கை இறக்குங்கள். முன்வண்டியில் மாட்டியிருக்கும்போது கொக்கி எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் இருக்க வேண்டும். கொக்கிக்கும் அச்சின் நடுவுக்கும் மூன்றரை மீட்டர் என்றால், பியட்டைப் பத்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் முன்பாரம் ஏறத்தாழ 25 கிலோ கூடும். சரியான இடம் கிடைத்ததும் தளத்தில் பெயிண்டால் கோடு போட்டு, பியட்டுக்கு ஒன்று, அம்பாசிடருக்கு ஒன்று என்று எழுதிவையுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் தராசு தேட வேண்டியதில்லை.

அச்சு ஒன்றா இரண்டா என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை: இரண்டு அச்சு. 165/80 ஆர் 14 டயரின் பக்கத்தில் 85 என்ற சுமை எண் இருந்தால், அது தாங்குவது 515 கிலோ. ஒற்றை அச்சில் இரண்டு டயர் 1,030 கிலோதான்; நாலு டயர் 2,060. ஒற்றை அச்சில் ஒரு டயர் வெடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கமே சாய்ந்து சாலையைச் சுரண்டிக்கொண்டு போகும். இரண்டு அச்சில் மற்ற மூன்றும் ஓரம் கட்டும் வரை தாங்கிப் பிடிக்கும். முன் அச்சுப் பட்டைக்கும் பின் அச்சுப் பட்டைக்கும் நடுவே சுமையைப் பகிர்ந்துகொடுக்கும் அசையும் இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் வேகத்தடையில் ஏறும்போது முழுச் சுமையும் ஒரே அச்சில் விழும். டயர் வாங்கும்போது பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். டிரெய்லர் டயர் நம் ஊரில் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே வெடிக்கிறது.

தளத்துக்குச் செக்கர் பிளேட்டை இரண்டு பாதையாக மட்டும், ஒவ்வொன்றும் அரை மீட்டர் அகலத்தில் போடுங்கள். 150 கிலோ மிச்சம். நடுவே திறந்திருப்பதால் கட்டுவதற்குக் கை போகும், மழைத் தண்ணீரும் தேங்காது. நீளம் நாலரை மீட்டர் வையுங்கள், அம்பாசிடர் 4.3 மீட்டருக்குச் சற்று மேல். சட்டத்துக்குப் பெட்டிக் குழாய் போட்டால் அடியில் தண்ணீர் வடியத் துளை வைக்கச் சொல்லுங்கள். வேதாரண்யம் பக்கமிருந்து என்னிடம் வந்த டிரெய்லர்களில் பல, வெளியே பெயிண்ட் மின்ன, உள்ளே உப்புக்காற்றில் பொரிந்து போயிருந்தன. ஏறுபலகை நீளமும் முக்கியம். தளம் 45 சென்டிமீட்டர் உயரம் என்றால் இரண்டு மீட்டர் பலகையில் ஏற்றம் 13 பாகை, 1.2 மீட்டர் பலகையில் 22 பாகையாகிவிடும். ஓடாத காரைக் கையால் இழுத்து ஏற்றும்போது அந்த வித்தியாசம் உங்கள் தோளில் தெரியும்.

முன்வண்டியில் டிரெய்லரின் மூக்குக் கிண்ணம் உட்காரும் கொக்கிப் பந்தை லேத்தில் கடைந்து போடச் சம்மதிக்காதீர்கள். 50 மில்லிமீட்டரில் காய்ச்சி அடித்துச் செய்த பந்து கடையில் கிடைக்கும். ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலப் பந்தும் சந்தையில் உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், 50-க்கான கிண்ணத்தில் உட்காரவும் செய்யும். பள்ளத்தில் குலுங்கும்போது கழன்றுவிடும். கொக்கித் தாங்கியைப் பொலீரோவின் சேஸிஸில் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும், பம்பரில் அல்ல. இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்குக்கு அடியில் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலிகள் தொட்டில் போலத் தாங்கும்.

உங்கள் மாட்டுக்கொட்டகையில் ஏற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி பங்குனிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் டெல்டாக் களிமண்ணில் டிரெய்லரை இறக்கினால் அதை மீட்க இன்னொரு டிராக்டர் தேவைப்படும். காரின் நாலு டயருக்கும் காற்று அடித்து, ஒட்டிப்போன பிரேக்கை விடுவித்த பிறகே, கம்பி சுற்றிக் காரை இழுக்கும் கை வின்ச்சைத் தொடுங்கள். கார் ஏறுபலகையில் ஏறும் நேரத்தில் கனம் முழுக்க டிரெய்லரின் வால்பக்கம் விழும்; மூக்கு மேலே எழும்பி முன்வண்டியின் பின்சக்கரங்களைத் தூக்கும். கைப்பிரேக் பிடிப்பது அந்தப் பின்சக்கரங்களில்தான். அவை லேசானதும் வண்டி உருளத் தொடங்கும். டிரெய்லரின் வாலுக்கு அடியில் இரண்டு முட்டுக்கால் கொடுத்து, முன்வண்டியின் முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டால் இது நடக்காது. வின்ச் கம்பி இறுகியிருக்கும்போது காருக்குப் பின்னாலும் கம்பிக்கு நேராகவும் ஒருவரும் நிற்கக் கூடாது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வருவார்கள், விரட்டிவிடுங்கள்.

கட்டுவது சக்கரத்தில். உடம்பில் கட்டினால் காரின் ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்க, கட்டு தளரும். அம்பாசிடரின் பின் அச்சில் பட்டை போட வேண்டியிருந்தால், அச்சை ஒட்டி ஓடும் பிரேக் குழாயை நசுக்காமல் பாருங்கள். வலங்கைமானிலிருந்து கிளம்பினால் பாபநாசத்தில் ஒருமுறை இறங்குங்கள். பட்டைகளை இறுக்குங்கள், சக்கர நட்டுகளில் ஸ்பானர் வையுங்கள், டிரெய்லர் சக்கரங்களின் நடுவே உள்ள நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த பேரிங்கிலோ பிரேக்கிலோ கோளாறு. திருச்சி தாண்டி மறுபடி ஒருமுறை.

சாலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் பாலங்களின் கூன் முதுகில் டிரெய்லரின் மூக்கு தட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று காலி டிரெய்லரோடு ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். அந்த வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். எதிரே பஸ் வந்தாலும் ஆற்றங்கரைச் சாலையில் டிரெய்லரின் சக்கரத்தை மண்ணில் இறக்கக் கூடாது, நின்று வழிவிடுங்கள். ரிவர்ஸ் எடுப்பதை அறுவடை முடிந்த களத்தில் நாலு நாள் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கமே டிரெய்லரின் வால் போகும்.

காகித வேலையை அட்வான்ஸுக்கு முன்பே பேசுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் "மோட்டார் வாகனம்" என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே டிரெய்லரும் வருகிறது. பதிவும் காப்பீடும் இல்லாமல் அதைச் சாலைக்குக் கொண்டுவர முடியாது. பதிவுக்குப் படிவம் 21 என்ற விற்பனைச் சான்றும், படிவம் 22 என்ற சாலைத் தகுதிச் சான்றும் கட்டுகிறவர் தர வேண்டும். "இரண்டையும் தருவீர்களா?" என்று உங்கள் பட்டறைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். தயங்கினால் அந்த மலிவு விலைக்கு அர்த்தமில்லை. பொலீரோவின் காப்பீட்டு நிறுவனத்திடம், டிரெய்லர் இழுக்கும்போது நடக்கும் விபத்துக்குப் பணம் உண்டா என்று எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றலாமா என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் இருக்கிறது. வேண்டாம். தளம் உயரம், பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது, டிராக்டரோடு மாட்டும் வளையத்துக்கும் ஊசிக்கும் இடையே உள்ள ஆட்டம் வயலில் தெரியாது, தார்ச்சாலையில் தெரியும். விவசாயத்துக்கென்று பதிவான வண்டியில் கோயம்புத்தூர் வரை கார் ஏற்றிப் போவதும் சரியில்லை.

என் முடிவான யோசனை இது. சீரமைப்புக்கான முதல் பயணத்துக்கு இரண்டு காரையும் வாடகைக்குக் கிடைக்கும், தளம் சாய்ந்து இறங்கும் கார் தூக்கும் வண்டியில் அனுப்பிவிடுங்கள். ஓடாத கார், துருப்பிடித்த அடிப்பகுதி, பழக்கமில்லாத டிரெய்லர், நீண்ட தூரம் ஆகிய நாலும் ஒரே நாளில் சேர வேண்டாம். அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. அப்பா உட்கார்ந்து ஓட்டிய அந்த ஒரு காருக்கு மாற்று எங்கும் வாங்க முடியாது. கோயம்புத்தூரில் வேலை முடிய எப்படியும் மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் இரண்டு அச்சு, மின்சாரப் பிரேக், இரண்டு பாதைத் தளம் வைத்த டிரெய்லரைப் படிவங்களோடு தரக்கூடிய இடத்தில் செய்துகொள்ளுங்கள். திரும்பி வரும்போது பியட் அதில் முதலில் ஏறட்டும்.

இன்று சாயங்காலம் பொலீரோவின் கையேட்டை எடுத்து, இழுக்கும் எடை போட்டிருக்கும் பக்கத்தைப் பாருங்கள். அந்த எண்ணையும், கொக்கி வரப்போகும் இடம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதையும் எழுதி அனுப்பினால், அச்சுகள் எங்கே உட்கார வேண்டும் என்ற வரைபடத்தை நானே போட்டு அனுப்புகிறேன். யாரிடம் கட்டினாலும் அதைக் காட்டிக் கட்டச் சொல்லலாம்.